நிறமில்லாத வாயுவுக்கு வர்ணம் பூசுகிறவர்கள்

ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. எரிகிறபோது அதன் தீகூடப் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிற சங்கதிதான். இந்த வாயுவுக்குத்தான் இன்றைக்கு உலகம் பூராவும் வர்ணம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலக்கரியிலிருந்து எடுத்தால் கறுப்பு. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் சாம்பல். அதே எரிவாயுவிலிருந்து எடுத்து, கூடவே வருகிற கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிட்டால் நீலம். வெயிலிலும் காற்றிலும் கிடைத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுத்தால் பச்சை. அணு உலை மின்சாரத்தால் பிளந்து எடுத்தால் இளஞ்சிவப்பு. அவர்கள் பாஷையில் பிங்க்.

வர்ணம் என்றால் நிறம் என்று நமக்கு யாரும் அகராதி எடுத்துக் காட்ட வேண்டாம். எங்கே பிறந்தாய் என்று கேட்டு வர்ணம் சொல்கிற புத்தி இந்த மண்ணில் பழசு. கறுப்பு எந்தத் தட்டில் கிடக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது தப்பில்லை, விசாரிக்கத்தான் வேண்டும். ஆனா முழுசா விசாரிக்கணும் இல்லியா? இவர்கள் கணக்கில் புகை மட்டும்தான் தீட்டு. யுரேனியச் சுரங்கத்துச் சேறு தீட்டில்லை. உலைக்குள் முகமூடி மாட்டிக்கொண்டு தரை துடைக்கிறவன் உடம்பில் ஏறுகிற கதிர்வீச்சு தீட்டில்லை. எரிந்து முடிந்த எரிகோல்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காவலுக்கு ஆள் கேட்டுக் கிடப்பது தீட்டில்லை. புகைபோக்கியில் புகை வரவில்லையா, சுத்தம். அக்ரகாரத்து வாசல் எப்படிச் சுத்தமாக இருந்தது என்று நமக்குத் தெரியும். அசுத்தத்தைச் சுமந்துகொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்ட ஆள் இருந்ததால் சுத்தமாக இருந்தது. அணு உலை ஹைட்ரஜனின் சுத்தமும் இந்த ஜாதிதான்.

இந்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் உண்டாக்குவது இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் எது 'பசுமை' என்று வரையறை செய்தார்கள்: புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இருந்து வர வேண்டும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளியேறக் கூடாது. அந்தப் பந்தியில் அணு உலைக்கு இலை போடவில்லை. இலை போடச் சொல்லித்தான் இப்போது பேச்சு நடக்கிறது. அணுசக்திக் கமிஷன் முன்னாள் தலைவர் அனில் ககோட்கர் போன்றவர்கள் ஹைட்ரஜன் தயாரிக்க அணு உலைதான் தோது என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் ஹைட்ரஜனுக்கென்றே 5 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உயர்வெப்ப வாயு உலை ஒன்றை வடிவமைப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே 'எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம்' என்று நம் மாணவர்கள் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு நமக்கு வராது என்று நினைப்பவர்களுக்காகவே பார்ப்போம்.

அணு உலை என்பது தண்ணீர் கொதிக்க வைக்கிற அடுப்பு. யுரேனியம் பிளந்து வெப்பம் தருகிறது, நீராவி சக்கரத்தைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. வருகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மீதி இரண்டு பங்கு வெந்நீராகக் கடலுக்கோ ஆற்றுக்கோ போகும். ஆக 100 பங்கு வெப்பத்துக்கு 33 பங்கு மின்சாரம். அதைத் தண்ணீருக்குள் செலுத்தி ஹைட்ரஜன் தனியாக ஆக்சிஜன் தனியாகப் பிரிப்பதற்குப் பெயர் மின்பகுப்பு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் செலவு. அந்த ஒரு கிலோவிலிருந்து திரும்ப எடுக்கக்கூடிய ஆற்றல் 33 யூனிட்டுதான். அதாவது 33 பங்கு 22 ஆகிறது. இந்த ஹைட்ரஜனை பஸ்ஸில் ஏற்றி எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக்கினால் பாதி போய்விடும். மிச்சம் 11. நூறு கொடுத்துப் பதினொன்று வாங்குகிற வியாபாரம். வாயுவை அழுத்தி உருளையில் அடைக்க, லாரியில் கொண்டுபோக ஆகிற செலவு இதில் சேரவில்லை. உலையிலிருந்து வந்த அதே 33 பங்கைக் கம்பியில் அனுப்பி பேட்டரியில் ஏற்றியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

'மின்சாரமாக்காமல் உலையின் வெப்பத்தை வைத்தே தண்ணீரை உடைக்கலாமே' என்பார்கள். உடைக்கலாம். கந்தகமும் அயோடினும் சேர்த்துச் செய்கிற சுழற்சி முறைக்கு 850, 900 டிகிரி வெப்பம் வேண்டும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இருக்கிற உலைகளில் தண்ணீர் ஏறுகிற சூடு 300 டிகிரியைச் சுற்றித்தான். ஜப்பானில் ஓராய் என்ற இடத்தில் ஒரு ஆராய்ச்சி உலை 2004இல் 950 டிகிரியைத் தொட்டது. 30 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட அந்தச் சின்ன உலை ஹைட்ரஜன் தொழிற்சாலையாக மாறாமல் இன்னும் ஆராய்ச்சி உலையாகவே நிற்கிறது. நம்ம ஊர் 5 மெகாவாட் உலை எந்த நூற்றாண்டில் எத்தனை பஸ்ஸை ஓட்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. 2024-25இல் இந்தியாவின் மொத்த அணு உலைகளும் சேர்ந்து உற்பத்தி செய்தது சுமார் 5,600 கோடி யூனிட். ஒரு வீட்டுக்கும் ஒரு ஆலைக்கும் ஒரு யூனிட்கூடக் கொடுக்காமல் அத்தனையையும் ஹைட்ரஜனுக்கே ஊற்றினாலும் 11 லட்சம் டன் கிடைக்கும். இலக்கோ 50 லட்சம். தாராப்பூரில் 1969இல் தொடங்கிய ஐம்பத்தைந்து ஆண்டுக் கட்டுமானம் பூராவும் இலக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிக் கொஞ்சதூரம்கூடப் போகவில்லை. அப்படியானால் புது உலைகள் வேண்டும். ஹைட்ரஜனுக்காக உலையா, உலைக்காக ஹைட்ரஜனா? இரண்டாவதுதான் என்பது என் கட்சி. சூரிய மின்சாரம் மலிந்துபோன காலத்தில் அணு உலைக்காரனுக்குத் தன் சரக்கை விற்க ஒரு புதுச் சந்தை தேவைப்படுகிறது. ராத்திரியும் பகலும் ஒரே சீராக ஓடித் தீர வேண்டிய உலை, பகலில் வெயில் மின்சாரம் குவிகிறபோது யாருக்கும் வேண்டாத சரக்காக நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு வயிறு வேண்டும். அந்த வயிற்றுக்குத்தான் ஹைட்ரஜன் என்று பேர்.

அமெரிக்காவில் ஆஸ்வீகோ என்ற ஊரில் நைன் மைல் பாயின்ட் உலையோடு 2023இல் ஒரு மெகாவாட் மின்பகுப்பு எந்திரத்தை இணைத்தார்கள். ஒரு நாளைக்கு 560 கிலோ ஹைட்ரஜன். அது எங்கே போகிறது தெரியுமா? அந்த உலை நிலையத்தின் சொந்த உபயோகத்துக்கே. அடுப்பு தன்னைத்தானே ஊதிக்கொள்கிறது.

ஹைட்ரஜனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உரத்துக்கான அம்மோனியாவுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் ஹைட்ரஜன் வேண்டும். இன்றைக்கு இந்தியாவில் அது அநேகமாக முழுவதும் எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. அதை மாற்றத்தான் வேண்டும். உர மூட்டை விலை ஏறினால் முதலில் அடிபடுவது அரை ஏக்கர் குத்தகை வைத்திருக்கிறவன். இயற்கை விவசாயம் பேசுகிற மேல்சாதிச் சூழலியலாளர்கள் மாதிரி 'பழைய காலமே பொற்காலம்' என்று நாம் பாட முடியாது. பழைய காலம் யாருக்குப் பொற்காலம்? வெயிலும் காற்றும் இருக்கிற தூத்துக்குடியில் துறைமுகத்துக்குள்ளேயே 2025 செப்டம்பரில் ஒரு சிறு பசுமை ஹைட்ரஜன் நிலையம் திறந்தார்கள். 3.87 கோடி ரூபாய். அதில் வருவது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் ஏற்றவும். சின்ன வேலை, ஆனால் அணு உலை இல்லாமலே நடக்கிற வேலை. (எந்தக் குடியிருப்பின் தெருவிளக்கு முதலில் எரிகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். அது வேறு கட்டுரை.)

இனி அணு உலைக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள பழைய உறவைச் சொல்ல வேண்டும். புதுக் கல்யாணம் மாதிரிப் பேசுகிறார்களே, அதற்காக.

1962இல் பஞ்சாபில் நங்கலில், பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரத்துக்கு ஹைட்ரஜன் எடுத்த ஆலையோடு ஒட்டி நாட்டின் முதல் கனநீர் ஆலை வந்தது. கனநீர் என்பது ஹைட்ரஜனின் கனமான வடிவம் உள்ள தண்ணீர், நம்முடைய பெரும்பாலான உலைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. தூத்துக்குடியிலும் உர ஆலையை ஒட்டி 1978இல் ஒரு கனநீர் ஆலை வந்தது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசம் நரோராவில் டர்பைன் தகடுகள் முறிந்து, மின்னாக்கியைக் குளிர்விக்க வைத்திருந்த ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து நிலையம் முழுவதும் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்தது. உலையை உயிரோடு வைத்திருந்தது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன தொழிலாளிகள்தான்.

2009 நவம்பரில் கர்நாடகம் கைகாவில் தொழிலாளர்கள் குடிக்கிற தண்ணீர்க் குளிர்விப்பானில் யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரை ஊற்றிவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உடம்பில் அது ஏறியது. டிரிட்டியம் என்பதும் ஹைட்ரஜன்தான், கதிர்வீசும் ஹைட்ரஜன். தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. உயர்வெப்ப உலையின் வெப்பத்தால் ஹைட்ரஜன் தயாரித்தால் உலோகச் சுவரையே ஊடுருவிக்கொண்டு டிரிட்டியம் சரக்குக்குள் வந்துவிடுமே என்பது இந்தத் துறை விஞ்ஞானிகளே கவலைப்படுகிற விஷயம். குடிதண்ணியில் கலப்பவன் யார், குடிப்பவன் யார் என்று வேங்கைவயலுக்குப் பிறகு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கைகாவில் கலந்தவன் யார் என்று ஊருக்குத் தெரியாமலே போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே ஃபுகுஷிமா. அணு உலை ஹைட்ரஜன் உற்பத்தி செய்யுமா என்று கேட்கிறவர்களுக்கு 2011 மார்ச்சில் பதில் கிடைத்துவிட்டது. குளிர்விக்கத் தண்ணீர் போகவில்லை, எரிகோலின் சிர்கோனியம் உறை நீராவியோடு சேர்ந்து எரிந்து ஹைட்ரஜனைத் தள்ளியது. 12ஆம் தேதி முதல் உலைக் கட்டடம் வெடித்தது. 14ஆம் தேதி மூன்றாவது. 15ஆம் தேதி நான்காவது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த அந்தப் புகை மண்டலத்தைக் கிளப்பியது ஹைட்ரஜன். காற்றில் நான்கு சதவிகிதம் கலந்தாலே பற்றிக்கொள்கிற வாயு அது. அதை உலைக்குப் பக்கத்திலேயே டன் கணக்கில் உற்பத்தி செய்து தேக்கி வைக்கப்போகிறோம் என்கிறார்கள். எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று தனியாக ஆராய்ச்சி நடக்கிறது. எத்தனை மீட்டர் தள்ளி வைத்தாலும், அந்த மீட்டருக்குள் யார் குடிசை இருக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

ஃபுகுஷிமாவைக் கழுவிச் சுத்தம் செய்தவர்கள் யார்? கம்பெனிக்குக் கீழே கான்ட்ராக்டர், அவனுக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவனுக்கும் கீழே ஆள் பிடிக்கிற புரோக்கர் என்று அடுக்கடுக்காகப் போய், ஓசகா நகரத்துக் கமகசாகி மாதிரியான கூலிச் சந்தைகளில் முடிகிறது அந்த ஏணி. 2011இல் வேறு மாவட்டத்தில் லாரி ஓட்டும் வேலை என்று சொல்லிக் கமகசாகியிலிருந்து கூட்டிப்போன ஒரு கூலியாளை ஃபுகுஷிமாவில் கொண்டுபோய் இறக்கியது அப்போதே செய்தியானது. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் என்று தலைமுறை தலைமுறையாகத் 'தீட்டு' வேலைகளில் அடைக்கப்பட்ட புராகு மக்களில் பலர் கடைசியில் ஒதுங்குகிற இடமும் அந்தச் சந்தைதான். ஹோரியே குனியோ என்ற எழுத்தாளர் தானே கூலியாளாக உலைகளுக்குள் போய் வேலை செய்து 1979இல் ஒரு புத்தகம் எழுதினார். அணு உலை நாடோடிகள் என்ற பேரே அதிலிருந்துதான் பரவியது. ஜப்பானின் சேரிக்காரனையும் நம்மையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது துடைப்பம்.

அமெரிக்காவில் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. மினசோட்டாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெய்ரி ஐலண்டு. டகோட்டா பூர்வகுடி மக்களின் சின்ன ஒதுக்கு நிலம். 1938இல் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய தடுப்பணையில் அதிலும் ஒரு பகுதி மூழ்கியது. மிச்ச நிலத்தின் வேலிக்குப் பக்கத்தில் 1973இலும் 1974இலும் இரண்டு உலைகள் வந்தன. 1990களில், எரிந்துபோன எரிகோல்களை இரும்புப் பீப்பாய்களில் அடைத்து அங்கேயே வெட்டவெளியில் நிறுத்தத் தொடங்கினார்கள். வீடுகளிலிருந்து அரைக் கிலோமீட்டர் சொச்சம். அந்த மக்கள் எதிர்த்தார்கள், பீப்பாய்கள் வந்தன. எக்செல் எனர்ஜி என்ற கம்பெனி 2022இல் உயர்வெப்ப மின்பகுப்பு முறையில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டத் தன் உலைகளில் எதைத் தேர்ந்தெடுத்தது? இதே பிரெய்ரி ஐலண்டை. அதே கம்பெனியின் மான்டிசெல்லோ உலையில் 2022 நவம்பரில் டிரிட்டியம் கலந்த தண்ணீர் சுமார் 15 லட்சம் லிட்டர் கசிந்தது. பொதுமக்களுக்குச் சொன்னது 2023 மார்ச்சில். 'சுத்தமான ஹைட்ரஜனுக்கு முன்னோடி' என்று பலகை மாட்டும்போது பீப்பாய்கள் படத்தில் விழாதபடி புகைப்படக்காரர் பார்த்துக்கொள்வார்.

நமக்கு ஜாதுகுடா இருக்கிறது. ஜார்கண்டில் 1967 முதல் யுரேனியம் தோண்டுகிறார்கள். தோண்டிய பிறகு மிஞ்சுகிற சேற்றைக் கொட்டுகிற குட்டைகள் சந்தால், ஹோ ஆதிவாசிகளின் ஊர்களை ஒட்டியே இருக்கின்றன. 1996இல் சாட்டிகோச்சாவில் புதுக் குட்டைக்காக வீடுகளை இடித்தார்கள். அந்தச் சேற்றுக்கு 'பிங்க்' வர்ணத்தில் எந்த இடம்? கரிக்கணக்கு எழுதுகிற தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

கல்பாக்கத்துக்கு வருவோம். 2003 ஜனவரி 21 அன்று அங்கே மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு கலந்த நீரைச் சாதாரண மாதிரி என்று நினைத்து எடுத்த ஆறு ஊழியர்கள் அளவுக்கு மிஞ்சிக் கதிர்வீச்சு வாங்கினார்கள். அவர்கள் தொழிற்சங்கம் உடனே கடிதம் எழுதியது, பாதுகாப்பு அதிகாரி கேட்டது. நிர்வாகம் வெளியுலகத்துக்கு ஒத்துக்கொள்ள அரை வருஷம் ஆனது. நிரந்தர ஊழியருக்கு, சங்கம் உள்ளவருக்கு, மார்பில் டோஸ் அளக்கிற பாட்ஜ் மாட்டியவருக்கே இந்த நிலை. கான்ட்ராக்டர் வேனில் வந்து இறங்கி, மூன்று மாதம் துடைத்து, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவனின் கதையை யார் எழுதிவைக்கிறார்கள்? அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கேட்டால் 'விஞ்ஞானத்தில் சாதி கிடையாது சார்' என்பார்கள்.

சாதி கிடையாதா? 1975இல் மத்திய அரசு போட்ட ஓர் ஆணை, ஆராய்ச்சி நடத்துகிற, ஆராய்ச்சியை வழிநடத்துகிற அறிவியல் பதவிகளில், குரூப் ஏ பணியின் அடிநிலைக்கு மேலே உள்ளவற்றுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கொடுத்தது. யோசிக்கிற நாற்காலிக்கு ஒதுக்கீடு கூடாது, தகுதி கெட்டுவிடும். துடைக்கிற கைக்கு ஒதுக்கீடே தேவையில்லை, அது நூற்றுக்கு நூறு தானாக நிரம்பிவிடும். உலை வேண்டுமா வேண்டாமா, ஹைட்ரஜனை எதிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கிற அறைக்குள் நம் ஆள் ஒருத்தன் போய் உட்காருவதற்கு அந்த ஆணை ஒரு தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளாவது அரசுக் கதவில் இருந்தது, தட்டிப் பார்க்கலாம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் கதவையே தனியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. 1962 அணுசக்திச் சட்டமும் 2010 இழப்பீட்டுச் சட்டமும் போயின. சட்டத்தின் பெயரைச் சுருக்கினால் 'சாந்தி'. 1974இல் பொக்ரானில் குண்டு வெடித்துவிட்டு அதற்குச் சிரிக்கும் புத்தர் என்று சங்கேதப் பெயர் வைத்தார்கள். 1998இல் 'சக்தி'. இப்போது சாந்தி. பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச முடியாது. புத்தரை எங்களிடமிருந்து திருடி வெடிகுண்டின் மேல் உட்கார வைத்தவர்கள் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

'சாந்தி' என்ன செய்கிறது? தனியார் கம்பெனி உலை கட்டலாம், நடத்தலாம். பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவு, பழுதான சரக்கைக் கொடுத்தவனிடமிருந்து இழப்பைத் திரும்பக் கேட்கும் உரிமையை உலை நடத்துகிறவருக்குக் கொடுத்திருந்தது. போபாலுக்குப் பிறகு இந்த நாட்டு மக்கள் வாங்கிய பாடம் அது. அதை எடுத்துவிட்டார்கள். உலையின் அளவைப் பொறுத்து இழப்பீட்டு வரம்பு. பெரிய உலைக்கு 3,000 கோடி, 150 மெகாவாட் வெப்பத் திறன் வரையான சின்ன உலைக்கு 100 கோடி. ஹைட்ரஜனுக்கு, உருக்குக்கு, ரசாயனத்துக்கு என்று ஆலை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்குக் கூவி விற்கப்படுவது இந்தச் சின்ன உலைகள்தான். சின்ன உலைக்குச் சின்ன விலை. விலை உலைக்கா, பக்கத்தில் இருக்கிற உயிருக்கா? தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இங்கே சில மாணவத் தோழர்கள் குறுக்கிடுவார்கள். 'தோழர், அம்பேத்கர் மின்சாரத்துக்கும் தொழில்மயத்துக்கும் ஆதரவா இருந்தவர். நீங்க உதயகுமார் பின்னாடி போறீங்களே?' நல்ல கேள்வி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக மின்சாரத் துறையையும் பார்த்தவர் பாபாசாகேப். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. மலிவான, ஏராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் ஏழைக்கு விடுதலை இல்லை என்பது அவர் வாதம். அதே வாதத்தை வைத்தே கேட்கிறேன். இது மலிவா? யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலே ஒரு கிலோ ஹைட்ரஜனில் மின்சாரச் செலவு மட்டும் 200 ரூபாய். இது ஏராளமா? நூறு போட்டுப் பதினொன்று எடுப்பதற்கு ஏராளம் என்றா பேர்? 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' எழுதியபோது மூலத் தொழில்களை அரசே நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னவர் அவர். அணு உலையையே அதானி, அம்பானி வகையறாவுக்குத் திறந்துவிடுகிற சட்டத்துக்கு அவர் படத்தைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். 2024 ஜனவரியில் மின்பகுப்பு எந்திரம் செய்ய மானியம் வென்ற கம்பெனிகளின் பட்டியலைப் பாருங்கள்: ரிலையன்ஸ் இருக்கிறது, அதானி இருக்கிறது, எல் அண்ட் டி இருக்கிறது. அந்த 19,744 கோடியில் 17,490 கோடி இப்படிப்பட்ட ஊக்கத்தொகைக்குத்தான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர், நடைமுறையில் 10 லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். கூடங்குளத்து 1,000 மெகாவாட் உலை ஒன்றை முழுக்க இதற்கு விட்டால் ஒரு நாளைக்கு 4,80,000 கிலோ ஹைட்ரஜன், 48 லட்சம் லிட்டர் தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்கிக்கொள்வோம் என்பார்கள். முடியும்தான். கல்பாக்கத்தில் ஒரு நாளைக்கு 63 லட்சம் லிட்டர் உப்பு நீக்குகிற ஆலையைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். எந்திரத்துக்குத் தாகம் எடுத்தால் கடலையே குடிநீராக்குகிற விஞ்ஞானம், காலனிக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணி வரும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது?

இப்போது இன்னொரு ஹைட்ரஜனைப் பற்றி. சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவனை ஒரே மூச்சில் சாய்த்துவிடுகிற விஷவாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கனநீர் எடுக்கிற கோட்டா, மனுகுரு ஆலைகளில் அதே வாயுவை வைத்துத்தான் வேலை நடக்கிறது. அங்கே அதை மோப்பம் பிடிக்கக் கருவி, அலாரம், முகமூடி, ஒத்திகை எல்லாம் உண்டு. தெருக்குழியில் ஒரு கயிறு உண்டு, செத்தவனை மேலே இழுக்க. 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். சாவு நிற்காமல் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் எந்திரம் இறங்குவதற்கென்று ஒன்றிய அரசு 'நமஸ்தே' என்று ஒரு திட்டம் அறிவித்தது. (மறுபடியும் பெயர்!) நாடு முழுக்க மூன்று ஆண்டுக்கு அதன் ஒதுக்கீடு சுமார் 350 கோடி. பசுமை ஹைட்ரஜனுக்கு 19,744 கோடி. இரண்டும் வாயு சம்பந்தப்பட்ட பிரச்சினைதான்.

கூடங்குளத்தில் 2011 முதல் இடிந்தகரை மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது நம்மில் சிலர் 'அது கடற்கரைக்காரன் பிரச்சினை' என்று சும்மா இருந்தோம். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் மீனவர் அந்தோணி ஜான் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால், 1994 அக்டோபர் 10 அன்று, கல்பாக்கத்துக்குக் கொஞ்ச தூரத்தில் காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் அதே போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில் எங்களுக்கென்று ஒதுக்கிய நிலம் எங்கே என்று கேட்டதுதான் குற்றம். கடற்கரைக்காரன் துப்பாக்கி வேறு, சேரிக்காரன் துப்பாக்கி வேறு என்று இனிமேலும் பேசிக்கொண்டிருக்க முடியுமா? ஹைட்ரஜன் பூங்கா, பசுமைத் தாழ்வாரம் என்று நிலத்துக்கு அலையப்போகிறார்கள். தரிசு, புறம்போக்கு என்று அவர்கள் வரைபடத்தில் காட்டுகிற இடத்தில் எவ்வளவு பஞ்சமி நிலம் இருக்கிறது என்று கிராமம் கிராமமாக ஏ-பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது. சட்டம் படிக்கிற தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.

கோரிக்கை என்று எழுதினால் நீளும். மூன்றை மட்டும் சொல்கிறேன். அணு உலை ஹைட்ரஜனைப் 'பசுமை' வரையறைக்குள் கொண்டுவரக் கூடாது, பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் மானியமும் அதற்குப் போகக் கூடாது. வெயிலிலும் காற்றிலும் எடுக்கிற ஹைட்ரஜனுக்கு மானியம் வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் எந்திரம் ஓட்டுகிற வேலையிலிருந்து இயக்குநர் நாற்காலி வரைக்கும் பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தர வேண்டும், இல்லையென்றால் மானியம் இல்லை. கல்பாக்கம், கூடங்குளம் தொடங்கி எல்லா அணு நிலையங்களிலும் இதுவரை கான்ட்ராக்ட்டில் வேலை செய்த ஒவ்வொரு தொழிலாளியும் வாங்கிய கதிர்வீச்சு டோஸ் எவ்வளவு, இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறாரா, என்ன நோய் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். நாட்டுக்கே சாதிவாரிக் கணக்கெடுக்கப் போகிறோம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்த அரசுக்கு, தன் வேலிக்குள் வந்து போனவர்களை எண்ணத் தெரியாதா?